விட்டுச் சென்ற பணி

  

செமினி வட்டாரத்துத் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் நாம், இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள், மறைந்தவர்களை எவ்வாறு நினைவுகூர்வது என்பதாகும். இது என்ன மங்கலமற்ற பேச்சு என்று எவரும் வானொலியை மூடிவிட வேண்டாம். இறப்பைப் பற்றி அல்ல, இறந்தவர்கள் பெயரால் இருப்பவர்கள் செய்யக்கூடிய நல்ல செயலைப் பற்றியே பேசப் போகிறோம்.

நம் தோட்டங்களில் ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால், லயம் முழுவதும் கூடிவிடுகிறது. பாடை கட்டுபவர் ஒருவர், பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுபவர் ஒருவர், அழுகிற தாயை அணைத்துக்கொள்பவர் ஒருவர் என்று, யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்கிறோம். பதினாறாம் நாள் கருமாதி செய்கிறோம். ஆண்டுதோறும் திதியன்று படையல் வைத்து, படத்திற்கு மாலையிட்டு வணங்குகிறோம். இவை நல்ல வழக்கங்கள். இவற்றை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால், சற்றே எண்ணிப் பாருங்கள். மறைந்த மனிதருக்கு வாழ்நாளில் ஓர் ஆசை இருந்திருக்கும். ஒரு வேலையைத் தொடங்கி முடிக்காமல் விட்டுச் சென்றிருப்பார். தன் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையும் படிக்க வேண்டும் என்று விரும்பியிருப்பார். கோயில் கிணற்றைத் தூர் வார வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பார். மாலை வாடிவிடும், படையல் அன்றோடு தீர்ந்துவிடும். அவர் விட்டுச் சென்ற வேலை மட்டும் யாராவது வந்து எடுத்துச் செய்யமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கும்.

கணவர் விட்டுச் சென்ற வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் சொந்த நாட்டையே விட்டு வந்து, நம் தமிழ்நாட்டு மலை ஒன்றில் முதுமை முழுவதும் உழைத்த ஓர் அம்மையாரின் வரலாற்றை இன்று சொல்லப் போகிறோம். அவர் பெயர் எவலின் பிராண்ட். மக்கள் அவரைப் பிராண்ட் பாட்டி என்றே அறிவார்கள்.

அந்த மலை கொல்லிமலை. நம் தோட்டங்களுக்கு வந்து குடியேறிய முன்னோர்களில் பலர் சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி பேச்சிலும் கொல்லிமலை என்ற பெயர் அடிபட்டிருக்கலாம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை வழியாகப் பேருந்தில் மலையேறலாம். நூறாண்டுகளுக்கு முன் அப்படியொரு சாலை கிடையாது. காட்டுப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். நடக்க முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிச் செல்வார்கள். சமவெளி மக்கள் அங்கே போக அஞ்சினார்கள். மலைக் காய்ச்சல் ஆளைக் கொன்றுவிடும் என்பதே அந்த அச்சத்திற்குக் காரணம்.

அந்த மலைக்கு ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் சென்றார். அவர் கிறித்துவ சமயத் தொண்டர்; தொழிலால் கட்டடம் கட்டுபவர். வெப்ப நாட்டு நோய்களுக்கு மருந்து கொடுக்கவும் ஓரளவு கற்றிருந்தார். எவலின் இலண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். அவரும் தொண்டு செய்யும் எண்ணத்தோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். இருவரும் தமிழ் கற்றார்கள். 1913-ஆம் ஆண்டில் கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணமானதும் மலையேறி, வாழவந்தி என்னும் இடத்தில் குடியிருக்கலானார்கள்.

அவர்கள் சமயப் பணிக்கென்று வந்தவர்கள்தாம். எனினும், நாம் இன்று பார்க்கப் போவது அவர்கள் செய்த சமூகப் பணியையே. நல்ல தொண்டு எந்தச் சமயத்தார் செய்தாலும் அதைக் கற்றுக்கொள்வதில் நமக்குக் குறைவு ஒன்றுமில்லை.

ஜெஸ்ஸி பிராண்ட் தம் தொழில் அறிவைக் கொண்டே தொடங்கினார். கறையான் ஏறாதபடி உயர்ந்த கால்களின்மேல் ஒரு மரவீடு கட்டினார். ஒவ்வொரு காலின் உச்சியிலும், கவிழ்த்த சட்டிபோல் ஒரு தகட்டை வைத்தார். கறையான் அந்தத் தகட்டைத் தாண்ட முடியாது. மலைவாழ் இளைஞர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். பள்ளிகள் ஏற்படுத்தினார். பழமரங்கள் நட்டார். இருவரும் வருகிறவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தார்கள்; ஆதரவற்ற குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். கொல்லிமலையோடு நின்றுவிடாமல் பச்சைமலை, கல்வராயன்மலை, சித்தேரி என்று சுற்றிலும் உள்ள ஐந்து மலைத்தொடர்களிலும் இந்தப் பணி நடைபெற வேண்டும் என்று கணவனும் மனைவியும் உறுதி எடுத்துக்கொண்டார்கள்.

அந்த உறுதி நிறைவேறுவதற்கு முன்பே காய்ச்சல் வந்துவிட்டது. 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜெஸ்ஸி பிராண்ட் கறுநீர்க் காய்ச்சலால் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

கறுநீர்க் காய்ச்சல் என்பது மலேரியாவின் மிகக் கொடிய வடிவம். இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்துப் போகும். சிறுநீரகம் செயலற்றுவிட்டால் பிழைப்பது அரிது. இந்த நோயின் பெயர் இந்நாட்டுக்கும் புதிதன்று. பழைய காலத்தில் கித்தாக் காட்டை வெட்டித் திறந்த நம் முன்னோர்கள் எத்தனை பேர் மலேரியாவால் மாண்டார்கள்! கசப்பான கொய்னா மருந்தை வரிசையில் நின்று விழுங்கிய கதையைத் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். 1901-ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கொசு முட்டையிடும் சதுப்புகளை வடிகால் வெட்டி வற்றச் செய்தார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் தணிந்தது. பிறகு அந்த முறை தோட்டங்களுக்கும் பரவியது. அந்த மருத்துவரின் அறிவோடு, வடிகால் வெட்டிய தொழிலாளர்களின் கைகளும் சேர்ந்தே நோயைத் தடுத்தன. கொல்லிமலைக்கோ அத்தகைய வசதி எதுவும் அந்நாளில் எட்டவில்லை.

கணவர் இறந்தபோது எவலின் அம்மையாருக்கு ஐம்பது வயது. மகன் பால், மகள் கான்னி ஆகிய இருவரும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1923-இல் பால் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, பெற்றோர் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள். தந்தை இறந்த செய்தி தந்தி வழியாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர் இறப்பதற்கு முன் எழுதி அனுப்பிய கடிதமோ கப்பலில் மெல்ல வந்து, தந்திக்குப் பின்னரே பாலின் கைக்குக் கிடைத்தது. இறந்துவிட்ட தந்தை, மலையையும் மரங்களையும் பற்றி மகனோடு பேசுகிறார்! அந்தச் சிறுவனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் அறிவீர்கள். தொண்டு என்பது இனிக்க இனிக்க நடைபெறும் ஒன்றன்று. அதற்கு விலை உண்டு. அந்த விலையில் ஒரு பங்கை அந்தப் பிள்ளைகளும் கொடுத்தார்கள். இதை மறைத்துவிட்டு வெறும் புகழ்ச்சி பேசுவது முறையாகாது.

எவலின் அம்மையார் இங்கிலாந்துக்குச் சென்று பிள்ளைகளோடு சில காலம் இருந்தார். அங்கேயே தங்கிவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் மீண்டும் தமிழ்நாட்டுக்கே திரும்பினார். அவரை அனுப்பிய சங்கத்தார், பின்னர் அவரை மலையிலிருந்து சமவெளிப் பணிக்கு மாற்றினார்கள். சொன்ன இடத்தில் வேலை செய்தார். விடுமுறை கிடைத்தால் மலையேறினார். இப்படியே ஆண்டுகள் பல ஓடின. எழுபது வயதை நெருங்கியபோது, இனி இவருக்கு முதுமை வந்துவிட்டது, ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று சங்கத்தார் முடிவு செய்தார்கள். இன்னும் ஓராண்டு மட்டும் கொடுங்கள் என்று அம்மையார் கேட்டுப் பெற்றார். அந்த ஓராண்டில், மலையில் தமக்கென ஒரு சிறு வீடு கட்டுவதற்கான பொருள்களைச் சேர்த்துக்கொண்டார். ஆண்டு முடிந்தது. வழியனுப்பு விழா நடத்தினார்கள். விழாவில்தான் அம்மையார் தம் முடிவை வெளியிட்டார்: சங்கத்தின் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன், ஆனால் ஊருக்குத் திரும்பப் போவதில்லை, என் சொந்தச் செலவில் மலைக்கே போகிறேன் என்பதே அந்த முடிவு.

நேயர்களே, சம்பளம் இல்லாமல், கட்டளை இடுவார் இல்லாமல், தன் விருப்பத்தால் ஒரு வேலையை ஏற்றுச் செய்பவரே தொண்டர். அந்த வகையில், எவலின் அம்மையாரின் முழுமையான தொண்டு எழுபது வயதையொட்டித்தான் தொடங்கியது! நம்மில் பலர் வேலையை விட்டு நின்றதும், இனி நம்மால் என்ன ஆகும் என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறோம். அந்த அம்மையாரோ அதற்குப் பிறகு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உழைத்தார்.

மட்டக் குதிரையில் ஏறி மலைக்கு மலை, ஊருக்கு ஊர் சென்றார். போகும் ஊரில் தங்கி நோயாளிகளைப் பார்த்தார், பிள்ளைகளுக்குக் கற்பித்தார். எழுபத்தைந்து வயதளவில் ஒரு முறை வீட்டிலேயே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுவதும் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் வந்து பார்த்த பிறகு, நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கி, ஜீப்பில் ஏற்றி வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவரான மகன், இனி மலை வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். உடல் தேறியதும் அம்மையார் மலைக்கே திரும்பினார். கால்கள் வலுவிழந்த பின் இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். குதிரையேற முடியாத வயதில், மலைமக்களே அவரைத் தொட்டிலில் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பிராண்ட் தம்பதியர் ஒரு காலத்தில் கனவு கண்ட ஐந்து மலைத்தொடர்களிலும் அம்மையாரின் கால் பட்டது. கணவரின் உறுதியை மனைவி நிறைவேற்றிவிட்டார்.

அந்த மலைகளில் நடந்த வேலைகளில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறோம். இது பிள்ளைகள் பாடமாகவே கற்க வேண்டிய ஒன்று.

நரம்புச் சிலந்தி என்றொரு நோய் அந்நாளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தது. காலில் ஒரு கொப்புளம் எழும்பும், தீயாய் எரியும். கொப்புளம் உடைந்ததும் உள்ளிருந்து வெள்ளை நூல்போல ஒரு புழு தலை நீட்டும். அந்தப் புழு இரண்டு மூன்று அடி நீளம்கூட இருக்கும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் சீழ்பிடித்துவிடும். ஆகவே ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பல நாள்கள் இழுத்தெடுக்க வேண்டும். அதுவரை அந்த மனிதர் வேலைக்குப் போக முடியாது. வேலை இல்லையென்றால் கூலி இல்லை, அடுப்பு எரியாது.

இந்தப் புழு உடம்புக்குள் எப்படி வந்தது? குடிதண்ணீர் வழியாகத்தான். படிக்கட்டுக் கிணற்றில் மக்கள் காலை நனைத்துக்கொண்டு இறங்கித் தண்ணீர் எடுப்பார்கள். புழு உள்ள கால் தண்ணீரில் பட்டதும், எண்ணற்ற குஞ்சுகள் தண்ணீரில் கலந்துவிடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். அந்தப் பூச்சியோடு தண்ணீரைக் குடிப்பவரின் உடம்புக்குள் புழு வளரும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து அவர் காலில் கொப்புளம் எழும்பும். அவரும் எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைப்பார். இப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

இந்தச் சுழற்சியை அறுப்பதற்குப் பெரிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. கிணற்றில் யாரும் கால் வைக்காதபடி சுற்றுச்சுவர் எழுப்பி, மேலிருந்து வாளியால் இறைக்க வேண்டும். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இறங்கி எடுத்த கிணற்றை மூடு என்றால் யார் கேட்பார்கள்? ஊர் ஊராகப் போய், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்பவர்மீது நம்பிக்கை வேண்டும். கணவர் தொடங்கி வைத்த இந்த வேலையை மனைவி தொடர்ந்தார். அந்த மலைகளிலிருந்து நரம்புச் சிலந்தி மறைந்ததில் இவ்விருவர் உழைப்புக்கும் பங்குண்டு. பின்னர் இந்திய அரசு நாடு தழுவிய திட்டமாக இதை மேற்கொண்டது. 1996-இல் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், இந்தியாவில் இந்நோய் இல்லை என்று சான்றளித்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதுதான்.

எவலின் அம்மையார் 1974-ஆம் ஆண்டு டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவருடைய மகன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தந்தையைப் போலவே முதலில் கட்டட வேலை கற்ற பால் பிராண்ட், பின்னர் இலண்டனில் மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தலாம் என்று செய்து காட்டினார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் அழிந்துபோகின்றன என்று உலகுக்கு விளக்கினார். வலி என்பது உடம்பின் காவற்காரன் என்பதை அவர் ஆய்வு உணர்த்தியது. கோலாலம்பூருக்கு அருகில், 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பை நீங்கள் அறிந்திருப்பீர்கள். குடும்பத்தைப் பிரிந்து அங்கே வாழ நேர்ந்தவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். இந்த நோயைப் பற்றிய வீண் அச்சத்தை நீக்க உழைத்தவர்களில் கொல்லிமலையில் வளர்ந்த அந்தச் சிறுவனும் ஒருவர். தாய் தந்தையரின் நினைவு அவர் கையில் அறுவைக் கத்தியாக மாறியது.

சரி, இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்கத்தக்கவை எவை?

முதலாவது, மொழி. அவர்கள் மக்களின் மொழியைக் கற்றபின்பே மக்களுக்குக் கற்பிக்கத் துணிந்தார்கள். இரண்டாவது, கைத்தொழில். தச்சு வேலையும் கட்டட வேலையும் மருந்தும் தெரிந்திருந்தன. அன்பு மட்டும் போதாது; அன்போடு ஒரு திறமையும் வேண்டும். மூன்றாவது, பொறுமை. ஒரு கிணற்றுக்குச் சுவர் எழுப்ப ஓர் ஊரின் மனம் மாற வேண்டும்; மனம் மாற ஆண்டுகள் ஆகும். நான்காவது, ஊர் மக்களின் பங்கு. சுவர் எழுப்பியவர்களும், அம்மையாரைத் தோளில் சுமந்தவர்களும் மலைமக்களே. அவர்கள் கை கொடுத்திராவிட்டால் ஒரு மூதாட்டி தனியாக எதைச் சாதித்திருக்க முடியும்?

இப்படிப்பட்டவர்கள் வெள்ளைக்காரர்களில் மட்டும்தானா என்று ஐயுற வேண்டாம். நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, பூச்சோங் சாலையில் சுத்த சமாஜம் இருக்கிறது. அதைத் தோற்றுவித்த சுவாமி சத்தியானந்தர் 1961-இல் விபத்தொன்றில் மறைந்தார். சிங்கப்பூரில் பிறந்து இங்கே வந்து அவரோடு பணியாற்றிய அன்னை மங்களம், சுவாமி விட்டுச் சென்ற பணியை ஏற்றுக்கொண்டார். ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து, கல்வி கொடுத்து, 2023-இல் தம் தொண்ணூற்றேழாம் வயதில் காலமாகும்வரை அதற்காகவே வாழ்ந்தார். ஆசானின் நினைவை அறுபதாண்டுகளுக்கு மேல் தொண்டாகவே காத்த பெருமாட்டி அவர்.

வெளிநாட்டிலிருந்து தொண்டர்களை வரவேற்ற நாடு நம் நாடு. 1962 முதல் 1983 வரை, அமெரிக்காவின் அமைதிப்படைத் தொண்டர்கள் இங்கே பள்ளிகளிலும் சுகாதாரப் பணிகளிலும் வேலை செய்தார்கள். பிறகு காலம் மாறியது. 1999-இல் டாக்டர் ஜெமிலா மாமூட் மெர்சி மலேசியா என்னும் அமைப்பைத் தொடங்கினார். போராலும் நிலநடுக்கத்தாலும் துன்புற்ற நாடுகளுக்கு இங்கிருந்தே தொண்டர்கள் புறப்பட்டுப் போகத் தொடங்கினார்கள். வாங்கிய கை கொடுக்கவும் கற்றுக்கொண்டது.

ஆகவே, நம் தோட்டப் பிள்ளைகளில் ஒருவர் தாதியாகவோ ஆசிரியராகவோ மின்பணியாளராகவோ தேர்ச்சி பெற்று, மறைந்துபோன தாயின் நினைவாகச் சில மாதங்கள் வெளிநாட்டில் தொண்டு செய்யப் போகிறேன் என்று சொன்னால், பைத்தியக்காரத்தனம் என்று அவரைத் தடுக்காதீர்கள். ஆனால் புறப்படும் முன் மூன்று கேள்விகளுக்கு அவரிடம் பதில் கேளுங்கள். அங்குள்ள மக்கள் இந்த வேலையைக் கேட்டார்களா? அதைச் செய்யும் திறமை உனக்கு இருக்கிறதா? நீ திரும்பி வந்த பின்னும் அந்த வேலை அங்கே நடக்குமா? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால், வாழ்த்தி அனுப்புங்கள். இல்லையென்றால் அது வெறும் சுற்றுலாவாகவே முடியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொண்டு என்ற பெயரைச் சொல்லிப் பணம் திரட்டுகிறவர்களில் பொய்யர்களும் உண்டு. எந்த அமைப்பாயினும் அது முறைப்படி பதிவு பெற்றதா, கணக்குக் காட்டுகிறதா என்று விசாரித்த பிறகே பணம் கொடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வியர்வை சிந்திச் சம்பாதித்த வெள்ளியைக் கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

கடல் கடந்து போக எல்லாராலும் முடியாது. போகவும் தேவையில்லை. செமினியைச் சுற்றியிருந்த ரப்பர்க் காடுகள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல திசைகளில் சிதறின. லயத்தில் இருந்தபோது, ஒரு வீட்டுப் பிள்ளை பசித்திருந்தால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். அடுக்குமாடி வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது. ஒரே மாடியில் வாழும் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டால்கூட நமக்குத் தெரிவதில்லை. கொல்லிமலையைத் தேடிக் கப்பலேற வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. நாம் ஏற வேண்டிய மலை மாடிப்படியிலேயே இருக்கிறது.

என்ன செய்யலாம்? மறைந்த தந்தை கணக்கில் வல்லவரா? அவர் திதி வரும் மாதத்திலிருந்து, வாரத்தில் ஒரு மாலை, கோயில் மண்டபத்தில் ஐந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். தாய், பிள்ளைப்பேற்றுக்கு உதவியவரா? அக்கம்பக்கத்துக் கர்ப்பிணிப் பெண்ணைச் சோதனை நாளன்று சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மகனை விபத்தில் பறிகொடுத்தீர்களா? அந்தத் துயரத்திற்கு ஆறுதல் சொல்ல நம்மிடம் சொற்கள் இல்லை. ஆண்டுதோறும் அவன் பிறந்தநாளில் மருத்துவமனைக்குச் சென்று இரத்ததானம் செய்தால், இன்னொரு தாயின் மகன் பிழைக்கலாம். கருமாதிக்குக் கடன் வாங்கி நூறு பேருக்கு விருந்து வைப்பதைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் ஓர் ஏழைப் பிள்ளைக்குக் காலணியும் பள்ளிப் பையும் வாங்கிக் கொடுக்கலாம். விருந்து உண்டவர் மறந்துவிடுவார். காலணி போட்ட பிள்ளை மறக்காது.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். தொடங்கினால் விடக்கூடாது. ஒரு வாரம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மறுவாரம் காணாமற்போனால், காத்திருந்த பிள்ளையின் மனம் உடைந்துவிடும். சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள், தொடர்ந்து செய்யுங்கள்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். இழப்பு நேர்ந்த உடனே தொண்டு செய்ய ஓடு என்று யாரையும் அவசரப்படுத்தக்கூடாது. அழ வேண்டியவர்கள் அழட்டும். எவலின் அம்மையாரும் கணவரை இழந்த பின் ஊருக்குச் சென்று, பிள்ளைகளோடு இருந்து, பிறகே திரும்பி வந்தார். மனம் ஓரளவு நிலைகொண்ட பின், கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தால், அந்த வேலையே ஆளைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குப் பிறகும் துயரம் இருக்கும். ஆனால் அது நம்மை வீட்டின் மூலையில் முடக்கிப் போடாது. நம்மோடு எழுந்து நடக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சிறிய வேலை. இன்று மாலை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் மறைந்துபோன பாட்டியோ தாத்தாவோ, என்ன வேலையைச் செய்ய ஆசைப்பட்டார்? எதை முடிக்காமல் விட்டார்? அதை ஒரு தாளில் எழுதி, சுவரில் மாட்டியிருக்கும் படத்திற்குக் கீழே ஒட்டி வையுங்கள். அதில் உங்களால் இயன்ற ஒரு சிறு பகுதியை இந்த ஆண்டிலேயே செய்துமுடியுங்கள்.